நாலாம் நம்பர்க்காரன்

1

போன மாசம் எங்க பட்டறையில ஒரு பொண்ணு வேலையை விட்டுப் போறேன்னு சொல்லி கேக் கொண்டாந்து வெச்சுது. அந்த கேக்கை என்னால முழுங்க முடியலை. ஏன் முடியலைன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதறேன்.

பட்டறைன்னு நான்தான் சொல்றேன். டென்மார்க்ல மேற்குக் கடலோரம் ஒரு துறைமுக ஊரு. இங்கே வீட்டுக்கு வீடு வெந்நீர் குழாய்ல வருது. அதுக்கு ஊருக்கு ஒரு பெரிய கொதிகலன் நிலையம். அங்கே வைக்கிற டாங்கி, குழாய், பாய்லர் எல்லாம் எங்க கம்பெனி செய்யுது. நான் வெல்டர். வந்து பதினோரு வருஷம் ஆச்சு.

அந்தப் பொண்ணு பேரு சீனே. முப்பத்திரண்டு வயசு. முன்னே பேக்கரியில மாவு பிசைஞ்சுக்கினு இருந்தது. எங்க கம்பெனி அதை எடுத்து, சம்பளமும் குடுத்து, தொழிற்பள்ளிக்கும் அனுப்பி வெல்டர் ஆக்கிச்சு. கடைசி ரெண்டு வருஷம் என் பக்கத்து மேசை. கை நடுங்காத ஆளு. முகமூடியைத் தூக்கினா சிரிச்ச முகம். எனக்குப் பிடிச்ச பொண்ணு, அதைச் சொல்லிடறேன். பரீட்சை பாஸ் பண்ணி சர்ட்டிபிகேட் கையில வந்துச்சு. வந்த கையோட துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியில சேரப் போவுது. எங்க டெண்டரை எல்லாம் தட்டிப் பறிக்கிற கம்பெனி அது!

அதுக்கு ஸ்ட்ராபெரி கேக். எங்க போர்மேன் ஹென்ரிக் முதல் துண்டை வெட்டினான். ஒவ்வொருத்தனாப் போய் கட்டிப் பிடிச்சு வாழ்த்துச் சொல்றானுங்க. எனக்குப் பொறுக்கலை. வாய் சும்மா இருக்குமா? "கம்பெனி படிக்க வெச்சுது. முடிஞ்ச உடனே எதிராளிகிட்ட போற. உனக்கு ஒரு மாதிரியா இல்லியா?"ன்னு கேட்டுட்டேன். தமிழ்ல கேட்டிருந்தா ஒரு "ம்மா" போட்டு, ஒரு சிரிப்பு சேர்த்து, பக்குவமாக் கேட்டிருப்பேன். எனக்குத் தெரிஞ்ச டேனிஷ்ல பக்குவம் எல்லாம் கிடையாது. கன்னத்துல அறைஞ்ச மாதிரிதான் வெளியே வந்துச்சு. கேக் வெட்டின கத்தி அப்படியே நின்னுச்சு.

சீனே கோவிச்சுக்கலை. "முனு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே உன்கிட்ட சொன்னேனே. நீ வாழ்த்துக்கள்னு சொன்னியே"ன்னுச்சு.

வாஸ்தவம். சொல்லியிருந்தது. ஹென்ரிக்குக்கும் சொல்லி, கைவசம் இருந்த டாங்கியை முடிச்சுட்டுத்தான் போவுது. நான் கேக் தட்டோட என் மேசைக்குத் திரும்பிட்டேன்.

முனு யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். என் பேரு ஏழுமலை, அப்பா பேரு முனுசாமி. நம்ம பாஸ்போர்ட்டைப் பார்த்து எது பேரு எது குடும்பப் பேருன்னு இவனுங்களுக்குப் புரியலை. நகராட்சி ஆபீசுல ஒரு அம்மா ஏதோ ஒரு கட்டத்துல அப்பா பேரைப் போட்டு அட்டை குடுத்துட்டாங்க. மாத்தறதுக்கு நாலு பாரம் எழுதிப் போட்டு, அஞ்சாவது பாரத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். பதினோரு வருஷமா எங்கப்பன் பேரைச் சொல்லித்தான் என்னை வேலை வாங்கறானுங்க. எங்க ஊரு கிளியனூர்ல மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டின மனுஷன், இங்கே தினமும் டென்மார்க் பாய்லருக்கு வெல்டிங் பண்ணிக்கினு இருக்காரு.

வீட்டுக்கு வந்து என் மக நிலாகிட்ட சொன்னேன். பதினஞ்சு வயசு. "அப்பா, கத்துக்கிட்டா போவாங்க. நீங்க ஏன் அழுவுற மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கீங்க?"ன்னா. அப்புறம் சாவகாசமா ஒரு கேள்வி: "நீங்க திண்டிவனத்துல வேலையை விட்டப்போ கேக் வாங்கிக் குடுத்தீங்களா?"

கேட்டுட்டு காதுல ஹெட்போனை மாட்டிக்கிச்சு. பதில் அதுக்கு வேணாம்.

2

திண்டிவனத்துல செஞ்சி ரோட்டுல ஒரு பட்டறை. அரிசி மில்லுக்கு வேண்டிய டிரையர், எலிவேட்டர், நெல் அவிக்கிற பாய்லர் எல்லாம் செய்யற இடம். முதலாளி ரோஸ்லின் அக்கா. வீட்டுக்காரர் தவறிப் போனதும் பட்டறையை வித்துடுவாங்கன்னு ஊரே பார்த்துக்கினு இருந்துச்சு. அவங்க விக்கலை. புடவையை இழுத்துச் சொருகிக்கினு, சாக்பீஸைக் கையில எடுத்துக்கினு, தகடு மேலேயே உட்கார்ந்து மார்க்கிங் போட ஆரம்பிச்சாங்க. சமமான தகட்டுல கோடு போட்டு வெட்டினா அது புனல் மாதிரி மடியணும். அந்தக் கணக்கு மண்டையில இருக்கணும். அவங்க போட்ட கோட்டுல அரை நூல் தப்பி நான் பார்த்ததில்லை. வெல்டிங் மட்டும் தெரியாது. "அந்த வெளிச்சத்தைப் பார்த்தா எனக்குக் கண்ணு கொத்திக்கும்டா சாமி"ன்னு எழுந்து போயிடுவாங்க.

பாய்லர் வேலைக்கு எல்லா வெல்டரும் ஆகமாட்டான். அரசாங்கப் பரீட்சை பாஸ் பண்ணினவன்தான் கை வைக்கலாம். அப்படி ஒரு ஆளு இருந்தாத்தான் பட்டறைக்கு பாய்லர் ஆர்டரே வரும். இருந்த ஒரு பெரியவர் கண்ணு மங்கி நின்னுட்டாரு. அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. அப்போ நான் வீட்டு கேட்டு, கிரில், தண்ணி டாங்க் ஸ்டாண்டு பத்த வெச்சுக்கினு, அதாவது வெல்டிங் பண்ணிக்கினு, இருந்தவன்.

"ஏழுமல, திருச்சிக்குப் போயி ஆறு மாசம் படிக்கிறியா? சாப்பாடு, தங்கறது, பரீட்சை எல்லாம் நான் பாத்துக்கறேன். சம்பளமும் வீட்டுக்கு வந்துடும்."

பட்டறையில கணக்குப் பார்க்கிற அவங்க தம்பிக்கு இது பிடிக்கலை. "அக்கா, பத்திரத்துல கையெழுத்து வாங்கு. இத்தினி வருஷம் இருக்கணும்னு எழுது. அவனோட ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி பீரோவுல வையி. இல்லாங்காட்டி படிச்சுட்டு பறந்துடுவான்"னாரு. நான் அங்கேயே நிக்கிறேன். என்னைப் பக்கத்துல வெச்சுக்கினேதான் சொல்றாரு. ஊர்ல எல்லாப் பட்டறையிலயும் அதுதான் வழக்கம். ஒருத்தன் மார்க் ஷீட்டைத் திருப்பி வாங்கறதுக்குள்ள எலி கடிச்ச கதையெல்லாம் உண்டு.

அக்கா சாக்பீஸை வெச்சுட்டு நிமிர்ந்தாங்க. "பேப்பரைப் புடிச்சு வெச்சா பேப்பர்தான்டா இங்க இருக்கும். ஆளு இருப்பானா? பயந்துக்கினு வேலை செய்யறவன் பத்த வெச்ச பாய்லரு எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். பத்திரம் இல்லை, மார்க் ஷீட் இல்லை. அடேயப்பா, அந்த வார்த்தையை இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

பாஸ் பண்ணிட்டு வந்த அன்னிக்கு ஒரு சின்ன எஃகு பஞ்ச்சைக் கையில குடுத்தாங்க. விரல் நீளம், முனையில நாலுன்னு நம்பர். ரெண்டு தகடு சேர்ற ஒரு மூட்டு வெல்டிங் பண்ணி முடிச்சதும் பக்கத்துல அதை வெச்சு சுத்தியால ஒரு தட்டு. நம்பர் தகட்டுல பதியும். யார் பத்த வெச்சதுன்னு பாய்லர் ஆயுசுக்கும் தெரியும். "உன் நம்பர் நாலு. நல்லா இல்லன்னு நெனச்சா குத்தாத. குத்தினா, அது நீ"ன்னாங்க.

3

இப்போ எங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இல்லாட்டி நான் செஞ்சது உங்களுக்குப் புரியாது.

எங்களுக்கு நிலம் கிடையாது. எங்க தாத்தா ஒரு பண்ணையில வேலை செஞ்சாரு. அங்கே வேலையை விடறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. விடறேன்னு சொன்னா கட்டி வெச்சு உதைப்பாங்க. ஒரு பொங்கலுக்கு ஊரு கூட்டமா இருந்த சமயம், பாட்டியையும் புள்ளைங்களையும் இழுத்துக்கினு ஓடி வந்துட்டாரு. எங்கப்பா செங்கல் சூளையில இருந்து ஓடி வந்தவரு. எங்க சித்தப்பா கரும்பு வெட்டற கூட்டத்துல இருந்து லாரி ஏறி ஓடி வந்தவரு. எங்க வம்சத்துல வேலையை விடறதுன்னா ஓடறதுதான். முதலாளி எதிர்ல நின்னு "நான் போறேங்க"ன்னு சொன்னவங்க ஒருத்தரும் இல்லை. எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுக்கவும் ஆளில்லை.

திருச்சிப் படிப்புக்கு அப்புறம் மூணு வருஷம் அக்காகிட்ட நல்லாத்தான் இருந்தேன். சென்னையில ஒரு ஏஜென்சி வெளிநாட்டுக்கு வெல்டர் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு டெஸ்ட் குடுத்தேன். அக்கா படிக்க வெச்ச சர்ட்டிபிகேட்டைக் காட்டித்தான் டெஸ்ட்டுக்கே விட்டாங்க. பாஸ். விசா வந்துச்சு.

அந்த நேரம் பட்டறையில விழுப்புரத்துக்குப் பக்கத்து மில் ஒண்ணுக்கு பாய்லர் நடுவாந்தரத்துல நிக்குது. சம்பா அறுப்புக்குள்ள குடுத்தாகணும். கை வைக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான். "அக்காகிட்ட சொல்லிடுய்யா, அவங்க அப்பிடிப்பட்டவங்க இல்ல"ன்னு என் வீட்டுக்காரி சுமதி படிச்சுப் படிச்சுச் சொன்னா. எனக்கு நாக்கு எழலை. சொன்னா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா எங்க தாத்தாவோட பயம் என் கால்ல இருந்துச்சு. எந்தப் பேப்பரையும் பிடிச்சு வைக்காத மனுஷிகிட்ட இருந்து, பிடிச்சு வெச்ச மாதிரி நினைச்சுக்கினு ஓடினேன்.

கடைசி நாள். பாய்லர் தலையில ஆவி வெளியே போற குழாயோட மூட்டு பாக்கி. இந்த மூட்டுல முதல் ஓட்டம், அடியில போடற முதல் அடுக்கு, அதுதான் உயிரு. அடியில ரெண்டு உலோகமும் உருகி ஒண்ணாச் சேரணும். அது சேராம மேலே எத்தினி அடுக்கு போட்டாலும் வெளியே அழகா இருக்கும், உள்ளே பிளவு இருக்கும். தண்ணி ஊத்தி அழுத்தம் குடுத்துப் பார்ப்பாங்க, அன்னிக்குத் தாங்கிடும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரெண்டு மூணு வருஷத்துல ஒரு நாள் விட்டுடும். எதிர்ல நிக்கிறவன் கதி அவ்வளவுதான்.

எனக்குக் கை ஓடலை. ஒரு சாண் நீளத்துக்கு அடியில சரியாப் பிடிக்கலைன்னு கைக்கே தெரிஞ்சுது. அறுத்துட்டுத் திரும்பப் பத்த வெச்சா அரை நாள் ஆவும். மறுநாள் பிளைட்டு. மேலே ரெண்டு அடுக்கு போட்டு மூடினேன். பஞ்ச்சைக் கையில எடுத்தேன். அந்த நேரம் ஏஜென்சிக்காரன் போன் பண்ணி, "டிக்கெட் வந்துடுச்சு, ஜல்தி கிளம்பி வா"ன்னான். பஞ்ச் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு.

அக்கா மார்க்கிங் போட்டுக்கினு இருந்தாங்க. "அக்கா, நாளைக்கு பௌர்ணமி. திருவக்கரை காளி கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேங்க்கா"ன்னேன்.

"போயிட்டு வா. எனக்கும் சேத்து வேண்டிக்கோ"ன்னாங்க. சிலுவை போட்ட சங்கிலி கழுத்துல. தலை நிமிராம சிரிச்சாங்க.

வக்கிரகாளி பேரைச் சொல்லி ஒரு பொய். அதுவும் அவங்ககிட்ட. சீ!

4

டென்மார்க் வந்து இறங்கினதும் முதல்ல வாய் கட்டிப் போச்சு. எவனையும் "நீங்க"ன்னு சொல்லக் கூடாதாம். முதலாளியையும் பேர் சொல்லி "நீ"ன்னுதான் கூப்பிடணுமாம். எதிர்ல வர்றவன் "எப்படி இருக்கே"ன்னு கேட்டா நின்னு பதில் சொல்லுவேன், சுமதிக்கு உடம்பு சரியில்லைங்கிற வரைக்கும். அவன் பாவம், கால் மாத்திக் கால் மாத்தி நிப்பான்.

மூணாவது வாரம் ஹென்ரிக் ஒரு பாரத்தை நீட்டினான். முன்னே வேலை செஞ்ச இடத்துல இருந்து கடிதம் வேணும். எத்தினி வருஷம் பாய்லர் வேலை செஞ்சே, வேலை எப்படி, ஏன் விட்டேன்னு அவங்க கையெழுத்துப் போட்டு எழுதணும். அது வர்ற வரைக்கும் கிரைண்டிங்தான் பிடிக்கணும். ஒரு மாசத்துக்குள்ள வரலைன்னா ஊருக்குத் திரும்பணும்.

இங்கே வர்றதுக்காக சுமதி நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்துச்சு. ஆனா உண்மையைச் சொல்றேன், என்னை அரிச்சது அது இல்லை. அந்த மூட்டுதான். அந்த மில்லுல பாய்லர் பக்கத்துல நிக்கப் போறவன் எங்க சித்தப்பா மாதிரி ஒருத்தன்தானே! வாயைத் திறந்து சொன்னா, கடிதம் கிடைக்காது. சொல்லாம கடிதம் மட்டும் கேட்டா, அதைவிட நான் மனுஷனே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாப்புல நின்னு போன் போட்டேன். ஐஸ் காத்து காதை அறுக்குது.

"அக்கா... ஏழுமலங்க்கா."

பின்னால கிரைண்டர் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம், "இன்னாடா, திருவக்கரையில இன்னுமா தீபம் காட்டிக்கினு இருக்காங்க?"

அழுதுட்டேன். பஸ்ஸுக்கு நின்ன ரெண்டு பேரு நகர்ந்து நின்னுக்கிட்டாங்க. "அக்கா, கடிதம் அப்புறம் பேசலாம். அந்த ஆவிக் குழாய் மூட்டு சரியில்லங்க்கா. அடியில பிடிக்கல. அதை அனுப்பாதீங்க. அறுத்துடுங்க்கா"ன்னு ஒரே மூச்சுல கொட்டினேன்.

"அறுத்தாச்சு"ன்னாங்க.

"எப்பிடித் தெரியும்?"

"எல்லா மூட்டுலயும் நாலு இருக்குது. அதுல மட்டும் இல்ல. நீ மூணு வருஷத்துல ஒரு வாட்டி கூட குத்தாம வுட்டதில்ல. கோயிலுக்குப் போனவன் வரலன்னதும் பாய்லர சுத்தி வந்தேன். நாலு இல்லாத எடம் கண்ணுல பட்டுச்சு. அறுக்கச் சொன்னேன். உள்ள நீ சொல்ற மாதிரிதான் இருந்துச்சு."

"நான் வேணும்னு குத்தாம விட்டேனான்னு எனக்கே தெரியாதுக்கா. போன் வந்துச்சு, பாக்கெட்டுல போட்டுட்டேன்."

"தெரியாமலே இருக்கட்டும். பொய் சொல்லிட்டுப் போன. ஆனா பொய்யா குத்திட்டுப் போவல."

அப்புறம்தான் கோபம் வந்துச்சு அவங்களுக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். "போறவன வேணான்னு சொல்ல நான் யாருடா? ஒரு மாசம் முன்ன சொல்லியிருந்தீனா வேற ஆளு பாத்திருப்பேன். நடுவுல வுட்டுட்டு ஓடிட்ட. விழுப்புரத்துல போட்டிப் பட்டறைக்காரன் காலைப் புடிச்சு, என் பாய்லரை அவன் ஆளுங்கள வெச்சு முடிச்சுக் குடுத்தேன். அந்த மில்லுக்காரன் இப்போ அவன் பக்கம் போயிட்டான். எம்மாம் பேஜாரு தெரியுமா எனக்கு?" நான் போனைக் காதுல வெச்சுக்கினு தலையை ஆட்டிக்கினே நின்னேன்.

கடைசியா அவங்களே கேட்டாங்க: "கடிதம்னியே, இன்னா எழுதணும்?"

பத்து நாள்ல வந்துச்சு. தமிழ்ல கைப்பட எழுதி, திண்டிவனம் கோர்ட்டு எதிர்ல டைப் அடிக்கிற கடையில இங்கிலீஷ்ல மாத்தி, பட்டறை முத்திரை குத்தி. நாலே வரி. "ஏழுமலை எங்களிடம் மூன்று வருடம் பாய்லர் வேலை செய்தார். வேலை சுத்தம். தன் தவறைத் தானே சொல்லக் கூடியவர். சொல்லாமல் போனார்."

ஹென்ரிக் கடைசி வரியைப் படிச்சுட்டு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "மூணாவது வரி போதும்"னு சொல்லிட்டு பாரத்துல கையெழுத்துப் போட்டான். மறுநாள் முகமூடி என் தலையில.

பல பேரு கேப்பாங்க, "பழி வாங்கினாங்களா, உதவி செஞ்சாங்களா?"ன்னு. ரெண்டும் இல்லை. நடந்ததை எழுதினாங்க. பொய் சொல்லி ஓடினவனுக்குக் கூட, அவனுக்காக ஒரு பொய் எழுதாம, அவன் மேல ஒரு பொய்யும் எழுதாம இருக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்!

5

ரெண்டு வருஷத்துக்கு முன்னே ஊருக்குப் போனப்போ நிலாவைக் கூட்டிக்கினு பட்டறைக்குப் போனேன். உள்ளே போறதுக்கு முன்னாடி ரோட்டுல நின்னு ரெண்டு டீ குடிச்சேன். நிலா மளமளன்னு உள்ளே போயி, கையை நீட்டி, "ஹலோ ரோஸ்லின், நான் நிலா"ன்னா! எனக்கு மானம் போச்சு. இங்கே வாத்தியாரையே பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தது. அக்கா சாக்பீஸ் கையைப் புடவையில துடைச்சுட்டுக் கையைக் குலுக்கி, "உங்கப்பனைவிட தேவலாம்டி நீ. எதிர்ல வந்து பேரைச் சொல்ற"ன்னாங்க.

பஞ்ச்சைக் கையோட கொண்டு போயிருந்தேன். நான் ஓடின அன்னிக்கு சுமதி பேண்ட் துவைக்கும்போது எடுத்து என் பையிலேயே போட்டு வெச்சிருந்தா. திருப்பிக் குடுத்தேன். அக்கா அதை வாங்கி வெளிச்சத்துல பார்த்தாங்க. "இத்த வெச்சுக்கினுதான் டென்மார்க்குல குத்திக்கினு இருந்தியா?"ன்னு கேலி பண்ணினாங்க. பலகையில வரிசையா ஓட்டை. அஞ்சும், இன்னும் யாருக்கும் குடுக்காத ஆறும் நிக்குது. நாலுக்கு உண்டான ஓட்டை காலி.

"நாலு யாருக்கும் குடுக்கலியாக்கா?"

"எப்பிடிக் குடுக்கறது? நீ குத்தின பாய்லருங்க ஏழெட்டு ஓடிக்கினு இருக்குது. நாளைக்கு ஒண்ணு லீக்கு ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? அதெல்லாம் ஓடற வரிக்கும் நாலு நீதான். நீ எங்க போனாலும் நீதான்."

அதை அவங்க அதே ஓட்டையில சொருகி வெச்சாங்க.

அஞ்சாம் நம்பர் அங்கேயே நின்னுக்கினு இருந்துச்சு. தனலட்சுமி. கிளியனூர்க்காரி, எங்க தெரு. புருஷன் விட்டுட்டுப் போனவன், ரெண்டு புள்ளைங்க. பட்டறையில கிரைண்டர் பிடிக்க வந்தவளை அக்கா திருச்சிக்கு அனுப்பி பாய்லர் வெல்டர் ஆக்கியிருக்காங்க. நான் ஓடினதுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் பாய்லர் ஆர்டரே எடுக்காம, டிரையரும் தொட்டியும் செஞ்சு ஓட்டிட்டு, மறுபடி ஒரு ஆளை அனுப்பியிருக்காங்க.

"இந்த வாட்டி பத்திரம் வாங்கினீங்களாக்கா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "உனக்கோசரம் அவள ஏன்டா நான் சந்தேகப்படணும்?"

கிளம்பும்போது நான் கேக்காமலே ஒண்ணு சொன்னாங்க. "எங்க அப்பாவும் ஒரு பண்ணையில இருந்து ஓடியாந்தவருதான். அதனாலதான் உன் மேல எனக்கு ரொம்ப நாளு கோவம் நிக்கல. ஆனா ஓட வேண்டிய எடம் வேற, சொல்லிட்டுப் போவ வேண்டிய எடம் வேற. என் பட்டறையை நீ அந்த வரிசையில வெச்சுட்டியே, அதுதான்டா எனக்கு வலிச்சுது." 

நிலா காருல கேட்டா: "அவங்க உங்களைத் திட்டினாங்களா, பாராட்டினாங்களா?"

6

இப்போ கேக்குக்கு வர்றேன். சீனே போற இடத்துக்கு ஆள் வேணும். கேக் வெட்டின மறுநாள் ஹென்ரிக் என் மேசைக்கு வந்தான். "முனு, உங்க ஊர்ல உன்னை மாதிரி ஒரு ஆள் இருக்கா?"

இருக்கு. ஒரு மாசமா தனலட்சுமி வாட்ஸ்அப்புல கேட்டுக்கினு இருக்கா: "அண்ணா, அங்க பொம்பளைங்களை எடுப்பாங்களா? புள்ளைங்களை நல்ல பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்ணா." நான் பதில் போடாம, கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பிக்கினு இருந்தேன். எப்படிப் போடறது? அந்தப் பட்டறையில இருந்து ஒரு தடவை நான் ஓடினேன். இப்போ மறுபடி நானே கையைப் பிடிச்சு இன்னொருத்தியை இழுக்கறதா? இழுக்கலைன்னா, எனக்குக் கிடைச்சது அவளுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு சொல்ற அதிகாரம் எனக்கு யாரு குடுத்தா? நான் மட்டும் ஏறி வந்துட்டு ஏணியைத் தூக்கிக்கலாமா?

ரெண்டு நாள் முழிச்சேன். அப்புறம் இந்தத் தடவையாவது ஒழுங்கா செய்வோம்னு, தனலட்சுமிகிட்ட பேசறதுக்கு முன்னாடி அக்காவுக்கே போன் போட்டேன். "அக்கா, இங்க ஒரு ஆள் கேக்கறாங்க. தனலட்சுமி... நீங்க வேணாம்னா நான் வாயே தொறக்க மாட்டேங்க்கா."

"போன மாசமே என்னாண்ட சொல்லிட்டா"ன்னாங்க அக்கா.

"இன்னா சொன்னா?"

"மார்க்கிங் போட்டுக்கினு இருந்தேன். எதிர்ல வந்து குந்திக்கினா. 'யக்கா, எனக்கு வெளிநாடு போவணும்னு இருக்குது. நீங்க படிக்க வெச்சீங்க. உங்ககிட்ட சொல்லாம நான் விண்ணப்பம் போடமாட்டேன். நீங்க எப்போ போன்னு சொல்றீங்களோ அப்போதான் போவேன்'னா. அழுவறா. எனக்கும் அழுகை வந்துடுச்சு, போ." மூக்கை உறிஞ்சிட்டு கணக்குக்கு வந்தாங்க. "ரெண்டு பாய்லரு கையில இருக்குது. பொங்கலு முடியட்டும், அனுப்பி வைக்கிறேன். ஆறாம் நம்பரு திருச்சியில படிச்சுக்கினு இருக்குது, அதுக்குள்ள வந்துடும். உன்னாண்ட கேக்கச் சொல்லி நானே அவளாண்ட சொன்னேன். நீதான் கும்பிடு அனுப்பிக்கினு இருக்கியாமே, எரும!"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "அக்கா, ஆளை ஆளா ஆக்கி அனுப்பிக்கினே இருக்கீங்களே. உங்களுக்கு அலுக்கலியா?"

"அலுக்காம? உடம்பெல்லாம் அலுப்புதான். ஆனா நான் படிக்க வெச்சது எங்கியோ ஒரு எடத்துல ஒழுங்கா ஒட்டிக்கினு இருக்குது இல்ல?"

மறுநாள் சீனேவோட கடைசி நாள். நான் போய்க் கையைக் குடுத்து, கேக் அன்னிக்குச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டேன். பக்குவம் இல்லாத டேனிஷ்லதான். அதுக்குப் புரிஞ்சுது.

அன்னிக்கே ஹென்ரிக்கிட்ட தனலட்சுமி பேரையும் சொன்னேன். இன்னிக்குக் காலையில அக்காவோட கடிதம் வந்துச்சு, ஹென்ரிக்குக்கு. அதே கையெழுத்து, அதே டைப் கடை, அதே முத்திரை. நாலு வரி. என்னோட பழைய கடிதம் மாதிரியே இருக்கேன்னு படிச்சுக்கினே வந்தேன். "தனலட்சுமி எங்களிடம் ஒன்பது வருடமாக பாய்லர் வேலை செய்கிறார். வேலை சுத்தம். தன் தவறைத் தானே சொல்லக் கூடியவர். சொல்லிவிட்டு வருகிறார்."

ஹென்ரிக் கடைசி வரியில விரலை வெச்சுக்கினு நெத்தியைச் சுருக்கினான். "இதைப் போய் ஏன் எழுதியிருக்காங்க? எல்லாரும் சொல்லிட்டுத்தானே வருவாங்க?"

"எல்லாரும் இல்லை"ன்னேன்.